விழுங்கக் கூடாத களி

சென்னப்பன் கிண்டிய களியைத் தின்ற நாய் எதுவும் இதுவரை புகார் கொடுத்ததில்லை. ஆனாலும் புகார் வந்துவிட்டது. ஸ்பீடு போஸ்ட்டில், கெட்டிக் காகிதத்தில், மூலையில் ஒரு தங்கநிற நாய்ப் படத்தோடு வந்தது. தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "கல்யாணப் பத்திரிகைங்களா?" என்று கேட்டார். அவ்வளவு நல்ல காகிதம்.

சென்னப்பன் அப்படியொன்றும் பெரிய தொழிலதிபர் இல்லை. பாலக்கோட்டில் தக்காளி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு மெஸ்ஸில் பத்தொன்பது வருடம் சமையல் செய்தவர். மெஸ் முதலாளியின் மகன் அதை மூடிவிட்டுச் செல்போன் கடை வைத்ததும், ஐம்பத்து நாலு வயதில் வேலையில்லாமல் நின்றார். அந்தச் சமயத்தில்தான் பேங்க் மேனேஜர் வீட்டு லாப்ரடாருக்கு உடம்பெல்லாம் அரிப்பு. பையில் வரும் நாய் உணவு உருண்டைகளை முகர்ந்துகூடப் பார்க்காமல் மூலையில் படுத்திருந்தது. சென்னப்பன் பாவப்பட்டு ராகிக் களியில் வெந்த ஈரலும் பூசணியும் பிசைந்து கொண்டுபோய் வைத்தார். லாப்ரடார் எழுந்து தின்றது. மூன்று வாரத்தில் அரிப்பும் போனது. அது களியால் போனதா, மழைக்காலம் முடிந்ததால் போனதா என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. மேனேஜர் வீட்டம்மாவும் டாக்டர் இல்லைதான். ஆனால் அவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

இப்போது பாலக்கோட்டிலும் தருமபுரியிலுமாக முப்பத்தேழு நாய்கள் அவருடைய களியைத் தின்கின்றன. காலை ஆறரைக்கு எக்ஸ்எல் வண்டியில் தூக்குப்பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். வெள்ளிக்கிழமை மட்டும் ஒகேனக்கல்லிலிருந்து வரும் மீன், முள்ளெடுத்து. எந்த நாய்க்கு ஈரல் ஆகாது, எது பூசணியைத் துப்பும், எது சூடாக இருந்தால்தான் வாய் வைக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மனிதர்களின் பெயர்கள்தான் மறந்துபோகும். அரசு மருத்துவமனையின் பெரிய டாக்டரையே அவர் "டைகர் வூட்டுக்காரர்" என்றுதான் சொல்வார்.

வந்த கடிதத்தை மனைவி ராமக்காள் படித்தாள்.

"தாங்கள் பதிவு பெறாத ஊட்டப் பொருளை, பதிவு பெற்ற நாய்களுக்கு, உரிய உருவமின்றி வழங்கி வருவதாக வாரியத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. தகுதிச் சான்று பெறாவிடில் அடுத்த மாதம் முதல் தங்கள் உற்பத்தி நிறுத்தப்படும். இப்படிக்கு, வளர்ப்புப் பிராணி ஊட்ட வாரியம், தருமபுரி."

"உரிய உருவம்னா என்னாங்க?" என்றாள் ராமக்காள்.

"உருண்டையாத்தானே இருக்குது," என்றார் சென்னப்பன். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

வாரியம் என்றால் பயப்பட வேண்டாம். சேலம் ரோட்டில் வாக்ரான் நாய் உணவு நிறுவனத்தின் கிடங்கு இருக்கிறது. அந்தக் கிடங்கின் மாடியில் இருப்பதுதான் வாரியம். கீழே மூட்டை, மேலே சட்டம். ஏறி இறங்க லிஃப்ட் ஒன்றுதான். அதில் மூட்டைக்குத்தான் முதல் உரிமை.

அடுத்த வாரம் கள அலுவலர் பிரியதர்ஷினி சென்னப்பனின் வீட்டுக்கு வந்தார். தலைக்குத் தொப்பி, கைக்கு உறை, காலுக்கு நீல நிறத்தில் பிளாஸ்டிக் பை. சமையற்கட்டு சுத்தமாக இருந்ததால் காலில் இருந்த பை வழுக்கி, வாசற்படியிலேயே ஒருமுறை விழப்பார்த்தார். நல்ல பெண். கையில் வைத்திருந்த டேப்லெட்டில் நாற்பது கேள்விகள் இருந்தன.

"உற்பத்திக் கூடம் எங்கேங்க அண்ணா?"

"இந்த அடுப்புதாங்க."

"தரக் கட்டுப்பாட்டு ஆய்வகம்?"

சென்னப்பன் யோசித்தார். அடுப்பில் களி தயாராகிக்கொண்டிருந்தது. கையைத் தண்ணீரில் நனைத்துக் களியின் மேல் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஒட்டலைங்க. வெந்துருச்சு," என்றார்.

பிரியதர்ஷினி டேப்லெட்டில் 'ஆய்வகம்: வலது கை' என்று பதிந்துகொண்டார். சுவைச் சோதனை நிபுணர் யார் என்ற கேள்விக்கு 'மனைவி' என்று பதிந்தார். பதினாலாவது கேள்வி வரைக்கும் எல்லாம் நன்றாகவே போனது.

"விற்பனை செய்யும் பொருளை மனிதர்கள் உண்பதுண்டா?"

சென்னப்பனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இந்தக் கேள்விக்காகவே இத்தனை நேரம் காத்திருந்தவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கள் பக்கத்தில் ஒரு சாப்பாடு நல்ல சாப்பாடுதான் என்று நம்ப வைக்க ஒரே வழிதான் உண்டு. ஆக்கியவர் அதே சட்டியிலிருந்து எடுத்துத் தான் தின்று காட்ட வேண்டும். பத்தொன்பது வருடம் மெஸ்ஸில் அவர் அப்படித்தான் தின்று காட்டினார். இங்கேயும் களி கிண்டி இறக்கியதும் முதல் இரண்டு உருண்டை கணவன் மனைவிக்கு. கீரைக் கடைசலோடு. அதற்குப் பிறகுதான் மிச்சக் களியில் ஈரலைப் பிசைவார்கள்.

"உண்டுங்களா? தினமும் திங்கறோமுங்க," என்றார். "நாங்க திங்காதத வாயில்லா ஜீவனுக்குப் போடுவனுங்களா? நீங்களும் ஒரு உருண்டை சாப்ட்டுட்டுத்தான் போகோணும்."

பிரியதர்ஷினியின் விரல் டேப்லெட்டின் மேல் நின்றுவிட்டது. அப்புறம் தாழ்ந்த குரலில், "அண்ணா, இல்லைன்னு போட்டுக்கட்டுங்களா?" என்று கேட்டார்.

"எதுக்குங்க பொய்? எழுதுங்க. பெருசா எழுதுங்க."

எழுதிக்கொண்டார். களியும் சாப்பிட்டார். இரண்டாவது உருண்டையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஆனால் அதைப் பதிவதற்கு அந்த டேப்லெட்டில் இடமில்லை.

*

விசாரணைக்குச் சென்னப்பன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். வாரியத்தில் தலைவரைத் தவிர ஒன்பது உறுப்பினர்கள். அதில் ஏழு பேர் வாக்ரானில் வேலை பார்ப்பவர்கள். எட்டாமவர் அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒன்பதாவதாக ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அது பொதுமக்களின் பிரதிநிதிக்கு உரியது. பொதுமக்களில் தகுதியான ஆள் இன்னும் கிடைக்கவில்லை என்று பதினோரு வருடமாக அதைத் துடைத்து மட்டும் வைத்திருந்தார்கள்.

தலைவர் டாக்டர் சிவக்குமார். சிரித்த முகம், மடிப்புக் கலையாத கோட்டு. எழுந்து நின்று பேசினார். கேட்பதற்கு வெளியாள் என்று சென்னப்பன் ஒருவர்தான் இருந்தார் என்றாலும் மைக்கில்தான் பேசினார்.

"நம் வாரியம் முற்றிலும் சுதந்திரமானது. சிலர் வெளியே பேசுகிறார்கள். இந்தக் கட்டடம் வாக்ரானுடையது என்கிறார்கள். உண்மை. சம்பளம் அவர்கள் தருவது. அதுவும் உண்மை. இந்த மைக், இந்தக் கோட்டு, இந்தப் பேச்சு எல்லாம் அவர்கள் தந்தவைதான். ஆனால் முடிவை மட்டும் நாமே எடுக்கிறோம். அவர்கள் எழுதி அனுப்பும் முடிவை ஏற்காமல் திருப்பி அனுப்பும் முழு உரிமை நமக்கு உண்டு. இதுவரை அதற்கு அவசியம் நேரவில்லை. காரணம், அவர்கள் எப்போதும் சரியாக எழுதுகிறார்கள்."

எட்டுப் பேரில் ஏழு பேர் கை தட்டினார்கள். ஓய்வு பெற்றவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"போட்டி இல்லை என்று சொல்ல முடியுமா? கடைக்குப் போய்ப் பாருங்கள். ஐந்து கம்பெனி, ஐந்து நிறப் பை. மக்களுக்கு எவ்வளவு தேர்வு! ஐந்துக்கும் முதலாளி ஒருவரே என்பதால் சந்தையில் சண்டை சச்சரவு கிடையாது. ஐந்து பைக்குள்ளும் இருப்பது ஒன்றே என்பதால் நாய்களுக்கும் குழப்பம் கிடையாது. கால்நடை மருத்துவப் படிப்பில் சேரும் பிள்ளைகளுக்கு நாங்கள் இலவசமாகப் புத்தகம் தருகிறோம். பேனா தருகிறோம். எந்தப் பக்கத்தில் அடிக்கோடு இட வேண்டும் என்று கோடும் நாங்களே போட்டுத் தந்துவிடுகிறோம். அறிவு வளர வேண்டுமா, இல்லையா?"

சென்னப்பன் தலையாட்டினார். மேடையில் பேசுகிறவர் கேள்வி கேட்டால் தலையாட்டுவது மரியாதை என்று நினைத்தார்.

அடுத்து அவருடைய விண்ணப்பத்தைப் பிரியதர்ஷினி கொண்டுவந்து வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தார். பதினாலாவது கேள்வியின் பதிலை உரக்கப் படித்தார்கள். அறையில் ஒரு மூச்சொலி எழுந்தது.

"திரு. சென்னப்பன்," என்றார் தலைவர் வருத்தமாக, "நாய் உணவு என்பதற்கு வாரியத்தின் விளக்கம் தெரியுமா? மனிதர் எவரும் உண்ணத் துணியாதது. அதுதான் முதல் விதி. எங்கள் உணவை இந்த இருபது வருடத்தில் எந்த மனிதரும் தொட்டதில்லை. தயாரித்தவர்கள்கூடத் தொட்டதில்லை. அதுதான் எங்கள் தரம். நீங்களோ அதே சட்டியில் தின்கிறீர்கள்!"

"நல்லாருந்தா திங்கத்தானுங்களே செய்வோம்?"

"அங்கேதான் தவறு செய்கிறீர்கள்."

இந்த இடத்தில் பையன் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். பக்கத்திலேயே ஒரு தட்டில் வட்டமாக, பழுப்பாக, வரிசையாகப் பிஸ்கட் அடுக்கியிருந்தது. டீ வந்தால் பிஸ்கட்டை நனைத்துத் தின்ன வேண்டும் என்பது சென்னப்பனுக்குச் சொல்லித் தந்து வந்ததல்ல. ஒன்றை எடுத்தார். நனைத்தார். தின்றார். இன்னொன்றையும் எடுத்தார்.

"கொஞ்சம் உப்புக் கம்மிங்க," என்றார்.

தூங்கிக்கொண்டிருந்த ஓய்வு பெற்றவர் விழித்துக்கொண்டார். அவ்வளவு அமைதி. அது வாக்ரானின் புதிய தயாரிப்பு. மறுநாள் அறிமுக விழாவுக்காக மாதிரிக்கு அடுக்கி வைத்திருந்த நாய் பிஸ்கட். இருபது வருடத்துப் பெருமை ஒரு டம்ளர் டீயில் நனைந்துபோனது. மனிதர் தின்றால் அது நாய் உணவு ஆகாது என்று அப்போதுதான் மைக்கில் சொல்லியிருந்தார்கள்.

சென்னப்பனை வெளியே உட்கார வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு ஒன்றரை மணிநேரம் விவாதித்தார்கள். பிஸ்கட்டை நாய் உணவு அல்ல என்று அறிவிப்பதா? நாலாயிரம் பெட்டி கீழே தயாராக இருந்தது. கடைசியில் ஒருமனதாக ஒரு தீர்மானம் நிறைவேறியது. தலைவரே படித்தார்.

"விசாரணை நடக்கும் நேரத்தில் விண்ணப்பதாரர் என்பவர் விண்ணப்பதாரர் மட்டுமே. அவரை மனிதர் என்னும் வகைப்பாட்டில் சேர்க்க இயலாது. எனவே பிஸ்கட்டை இதுவரை எந்த மனிதரும் உண்டதில்லை என்ற நிலை தொடர்கிறது."

சென்னப்பன் கொஞ்ச நேரம் யோசித்தார். மெதுவாகத்தான் யோசிப்பார், ஆனால் யோசிப்பார்.

"அப்பிடின்னா நான் தின்ற களியும் மனுசன் தின்னது ஆகாதுங்களே? எனக்குச் சான்று குடுத்துரலாமுங்களே?"

"இல்லை. வீட்டில் நீங்கள் மனிதர்தான். அதில் வாரியம் தலையிடாது," என்றார் தலைவர் பெருந்தன்மையாக.

ஆகவே களி நாய் உணவு இல்லை. நாய் உணவு இல்லாததை உணவென்று விற்கக் கூடாது. ஆனால் நாய்க்குத் தரப்படும், உணவல்லாத எந்தப் பொருளும் நாலாம் பிரிவின்படி பொம்மை. வேண்டுமானால் பொம்மை என்று பதிந்துகொள்ளலாம் என்று பிரியதர்ஷினிதான் எழுந்து நினைவூட்டினார். தலைவருக்கு மறுக்கக் காரணம் எதுவும் தோன்றவில்லை. பொம்மையை வாக்ரான் தயாரிப்பதில்லை.

*

"பொம்மையா?" என்றாள் ராமக்காள். "ஏனுங்க, நீங்க நல்லாத்தான் கேட்டீங்களா?"

"எழுதியே குடுத்துருக்காங்க பாரு."

பொம்மைக்குத் தனி விதிகள் இருந்தன. ஒன்று, கண்ணைக் கவரும் நிறத்தில் இருக்க வேண்டும். பூசணி அதைப் பார்த்துக்கொண்டது. இரண்டு, அழுத்தினால் 'கீச்' என்று சத்தம் வர வேண்டும்.

"களியக் கத்த வெக்கச் சொல்றாங்களா?" என்று ராமக்காள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

சத்தம் வராத பொம்மைக்கு விலக்கு கேட்டு ஒரு மனு எழுதினார்கள். 'எங்கள் பொம்மை பேசா மடந்தை என்பதால்' என்று தொடங்கிய அந்த மனுவை ராமக்காளே எழுதினாள். விலக்கு கிடைத்தது. மூன்றாவது விதிதான் முக்கியமானது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் சிவப்பு எழுத்தில் 'விழுங்கக் கூடாது' என்று ஒட்ட வேண்டும்.

ஒட்டினார்கள். முப்பத்தேழு தூக்குப்பாத்திரத்திலும் ஒட்டினார்கள். நாய்களுக்குப் படிக்கத் தெரியாதது நல்லதாகப் போயிற்று. படிக்கத் தெரிந்த மனிதர்கள்தான் தொல்லை கொடுத்தார்கள். பென்னாகரம் ரோட்டில் ஒரு ரிட்டயர்டு தாசில்தார் வாசலில் நின்று, "இத எத்தனை நாளைக்கு வெச்சு வெளையாடலாம்?" என்று கேட்டார்.

"உங்க நாய் வெளையாடுனா ரெண்டு நிமிசமுங்க," என்றார் சென்னப்பன்.

வியாபாரம் குறையவில்லை. கூடியது. பொம்மை என்றதும் வீட்டிலுள்ள குழந்தைகள் ஆசைப்பட்டு நாய்க்கு வாங்கித் தரச் சொன்னார்கள். முப்பத்தேழு நாற்பத்தாறானது. தருமபுரியில் வாக்ரான் மூட்டைகள் கடையிலேயே தூசி படிந்து நின்றன. இது கிடங்குக்குத் தெரிந்தது. கிடங்குக்குத் தெரிந்தால் மாடிக்குத் தெரியும். லிஃப்ட் ஒன்றுதானே.

இரண்டாவது கடிதம் வந்தது. 'பசியாற்றும் நோக்கில் பொம்மையைத் தவறாகப் பயன்படுத்தத் தூண்டுதல்' என்பது குற்றச்சாட்டு. பொருள் பொம்மையுமல்ல, உணவுமல்ல, மோசடி என்று வாரியம் கருதுவதாகவும், தர நாயின் முன்னிலையில் பகிரங்கச் சோதனை நடக்கும் என்றும், தோற்றால் அடுப்பு சீல் வைக்கப்படும் என்றும் எழுதியிருந்தது.

அன்று சென்னப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. இதுவரை வேடிக்கைபோலத்தான் இருந்தது. அடுப்புக்குச் சீல் என்பது வேடிக்கை இல்லை. களி கிண்டுவதைத் தவிர அவருக்கு வேறு எதுவும் தெரியாது. ஊரில் வேலையற்ற ஆண்கள் செய்வதைத்தான் அவரும் செய்ய வேண்டிவரும். பெங்களூர் போய், ஏதாவது ஒரு அபார்ட்மெண்ட் வாசலில் விசிலோடு உட்கார வேண்டும். ராமக்காள் இங்கே தனியாக இருப்பாள்.

"வாச்மேன் வேலைக்கி நீங்க சரிப்பட மாட்டீங்க," என்றாள் ராமக்காள். "திருடன் வந்தாலும் சாப்ட்டியான்னுதான் கேப்பீங்க."

சொல்லிவிட்டு அவளும் அழுதாள். அவருக்கு அதுதான் தாங்கவில்லை.

*

தர நாய் என்பது யார் என்று சொல்லிவிடுகிறேன். வாக்ரானின் ஒவ்வொரு பையிலும் நாக்கைத் தொங்கப்போட்டுச் சிரிக்கும் அந்தத் தங்கநிற நாய்தான். பெயர் வின்சர். வாரியத்தின் சட்டப்படி நாய் என்றால் வின்சர். வின்சர் விரும்புவதே நாய்கள் விரும்புவது. வின்சர் தொடாததை எந்த நாயும் தொடாது. மாநிலத்தில் எங்கே சந்தேகம் வந்தாலும் வின்சரை ஏசி காரில் கூட்டிப்போய்த் தீர்த்துக்கொள்வார்கள். ஐந்து வயதுக்குள் அது இருபத்திரண்டு தீர்ப்பு வழங்கியிருந்தது. எல்லாம் வாக்ரானுக்குச் சாதகமாக. கூடவே கதிரவன் என்றொரு இளைஞன். வின்சரின் பராமரிப்பாளன். கம்பெனிக் கிண்ணத்தைத் தவிர எதிலும் வாய் வைக்கக் கூடாது என்று அதைப் பழக்கியவன் அவன்தான்.

சோதனை, சேலம் ரோட்டில் ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்தது. பேனர், பூங்கொத்து, நிருபர்கள், முதல் வரிசையில் எட்டு உறுப்பினர்கள். பொதுமக்களின் நாற்காலியையும் மறக்காமல் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். சென்னப்பனின் வாடிக்கையாளர்கள் பத்துப் பதினைந்து பேர் பின்னால் நின்றார்கள். தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"இன்று அறிவியல் பேசப்போகிறது. நாம் குறுக்கே பேசக் கூடாது. முடிவு என்னவாக இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. பத்திரிகைக் குறிப்பு மட்டும் நேற்றே அச்சாகிவிட்டது. வெளியே போகும்போது வாங்கிக்கொள்ளுங்கள்."

தரையில் இரண்டு கிண்ணங்கள். இடதுபுறம் வெள்ளிக் கிண்ணத்தில் வாக்ரான் உருண்டைகள். வலதுபுறம் சென்னப்பனின் தூக்குப்பாத்திரம், மேலே 'விழுங்கக் கூடாது' சீட்டோடு. அன்று வெள்ளிக்கிழமை. ஒகேனக்கல் மீன். சென்னப்பன் மூடியைத் திறந்தார். ஆவி எழுந்தது.

வின்சர் உள்ளே வந்தது. பைகளில் பார்த்ததைவிடக் கொஞ்சம் இளைப்பாக இருந்தது. பழக்கப்படி வெள்ளிக் கிண்ணத்தின் முன்னால் போய் உட்கார்ந்து, கேமராவைப் பார்த்துச் சிரித்தது. நிருபர்கள் படம் எடுத்தார்கள். தலைவர் கை தட்டத் தயாரானார். அப்போது வின்சரின் மூக்கு மட்டும் மெல்ல வலப்பக்கம் திரும்பியது. உடம்பு திரும்பவில்லை. உத்தியோகம் அல்லவா? ஒரு நிமிடம்போல அது அப்படியே, மூக்கு ஒரு பக்கம் கடமை ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தது. கதிரவன், "வின்சர், ஸ்டே" என்றான். அவன் குரலில் உறுதியே இல்லை.

"சாப்புடு சாமி," என்றார் சென்னப்பன். அவர் சோதனையை மறந்துவிட்டார். பசித்த ஜீவன் எதிரில் உட்கார்ந்திருந்தால் அவருக்கு வேறு எதுவும் நினைவிருக்காது. "ஆறிப்போயிரும், சாப்புடு."

வின்சர் எழுந்தது. சீட்டை மிதித்துக்கொண்டு பாத்திரத்துக்குள் முகத்தை விட்டது. வெளியே எடுக்கவே இல்லை. பாத்திரத்தைத் தலையோடு தூக்கிக்கொண்டு ஹாலைச் சுற்றி வந்து, பூங்கொத்தைத் தள்ளி, கடைசியில் பொதுமக்களின் நாற்காலிக்குக் கீழே உட்கார்ந்து மிச்சத்தை நக்கியது. அதன் பிறகு சென்னப்பனின் காலடியில் வந்து படுத்து ஏப்பம் விட்டது. பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். டைகர் வீட்டுக்காரராகத்தான் இருக்க வேண்டும்.

வாரியம் பக்கத்து அறைக்குப் போனது. மூன்று மணிநேரம் வரவில்லை. உள்ளே என்ன பேசினார்கள் என்று பிரியதர்ஷினி பிற்பாடு ராமக்காளிடம் சொன்னார். களியை உணவென்று ஒப்புக்கொண்டால், மனிதர் தின்பதும் நாய் உணவாகலாம் என்று ஆகிவிடும். அப்புறம் ஆளாளுக்கு வீட்டிலேயே ஆக்கிப் போட ஆரம்பித்துவிடுவார்கள். பொம்மை என்று விட்டால், நாய்கள் பொம்மையைத் தின்கின்றன என்று ஆகும். அப்படியானால் பொம்மைக்கும் உணவுக்கும் வித்தியாசம் என்ன என்று எவனாவது கோர்ட்டுக்குப் போவான். களியை மாற்ற முடியாது. சட்டத்தையும் மாற்ற முடியாது, அதை அச்சிட்ட காகிதம் விலை உயர்ந்தது. மாற்ற முடிந்தது ஒன்றுதான்.

தலைவர் வெளியே வந்து ஆணையைப் படித்தார். அவருடைய குரல் கம்பீரமாகவே இருந்தது.

"நாய் என்பது, வாரியம் பதிவு செய்த உணவை மட்டுமே உணவென அறியும் விலங்கு. அவ்வாறு அறியாத விலங்கு, தோற்றத்தில் எவ்வளவு ஒத்திருப்பினும், நாய் ஆகாது. எனவே இன்று சோதனையில் பங்கேற்ற விலங்கு நாய் அல்ல. விண்ணப்பதாரரின் பொருளை உண்டு வரும் நாற்பத்தாறு விலங்குகளும் நாய்கள் அல்ல. நாயல்லாத விலங்குகளுக்கு யார் எதைக் கொடுத்தாலும் அது வாரியத்தின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது. விசாரணை முடித்து வைக்கப்படுகிறது."

சென்னப்பனுக்கு ஆணையில் பாதி புரியவில்லை. "அடுப்பு?" என்று மட்டும் கேட்டார்.

"எரியட்டும்," என்றார் தலைவர் எரிச்சலோடு.

ஆணையின் நகலில் முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். அதே கெட்டிக் காகிதம். மூலையில் அதே தங்கநிற நாய்ப் படம். அன்று மாலை அந்தப் படத்தை எல்லாக் காகிதத்திலும் பையிலும் மாற்றச் சொல்லி உத்தரவு போனது. நாய் உணவுப் பையில் நாயல்லாததன் படம் இருந்தால் சட்டப்படி ஏமாற்று வேலை. இப்போது பையில் டாக்டர் சிவக்குமாரின் படம் இருக்கிறது. அவரும் நன்றாகத்தான் சிரிக்கிறார்.

பத்து நாள் கழித்து, பாலக்கோடு பஸ்ஸிலிருந்து கதிரவன் இறங்கினான். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் வின்சர். கண்டக்டர் எப்படி ஏற்றினார் என்று தெரியவில்லை. விசாரித்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் பின்னால் வந்து, சென்னப்பனின் வீட்டு வாசலில் நின்றான்.

"வேலையை விட்டு எடுத்துட்டாங்கண்ணா. ரெண்டு பேரையும்," என்றான். "நாயே இல்லாததுக்கு ஆள் எதுக்குன்னுட்டாங்க. நான் வேற வேலை பாத்துக்குவேன். இது அன்னைக்கிருந்து அந்த உருண்டைய மோந்துகூடப் பாக்கலைங்கண்ணா. பட்டினியாவே கெடக்குது. இத எங்க கொண்டுபோய் விடறதுன்னு தெரியல."

சென்னப்பன் உள்ளே போனார். ராமக்காள் அதற்குள்ளேயே இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டாள். ஒன்றில் கீரைக் கடைசல், இன்னொன்றில் ஈரல். கதிரவன் வாசற்படியில் உட்கார்ந்து தின்றான். பக்கத்தில் வின்சர் தின்றது. யார் முதலில் முடித்தார்கள் என்று சொல்வது கஷ்டம்.

இப்போதெல்லாம் சென்னப்பனின் எக்ஸ்எல் வண்டியில் முன்பக்கம் கால் வைக்கும் இடத்தில் வின்சர் உட்கார்ந்துகொண்டு ஊரைச் சுற்றுகிறது. பையில் இருந்ததைவிட இப்போது பார்க்க நன்றாக இருக்கிறது. கொஞ்சம் தொப்பைகூட விழுந்திருக்கிறது. போன வாரம் தருமபுரி பஸ் ஸ்டாண்ட் எதிரே டீ குடிக்க வண்டியை நிறுத்தியபோது, ஒருவர் கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கிட்ட வந்து, தடவிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"என்ன அழகா இருக்குது! இது என்ன நாய்ங்க?"

சென்னப்பன் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார்.

"இது நாயே இல்லைங்க," என்றார். "ஆர்டர் இருக்குது, பாக்கறீங்களா?"